கார்த் தாத்தாவுக்குக் கண் வைத்தியம்

சில வீடுகளில் கார் என்பது வெறும் வாகனமல்ல. குடும்பத்தில் ஒரு நபர். மாமனார் முதன் முதலில் வாங்கியது அது. மருமகள் புக்ககம் வந்து இறங்கியது அதிலிருந்துதான். மூத்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி எடுத்து வந்ததும் அதிலேதான். வாசலில் புதுக் கார் வந்து நின்ற பிறகும் பழையதை விற்க மனம் வருவதில்லை. "இருந்துவிட்டுப் போகட்டும், சாப்பாடா கேட்கிறது?" என்று போர்வை போர்த்தி ஷெட்டில் வைத்திருக்கிறார்கள். (பெட்ரோல் போடுகிறவரைக் கேட்டால் சாப்பாட்டுக் கணக்கைச் சொல்லுவார்!)

இந்தக் கார்த் தாத்தாக்களில் முதல்வர் அம்பாஸடர். ஆங்கிலேய மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வாரிசாகக் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 1950-களின் கடைசியில் பிறந்து, 2014-ஆம் ஆண்டு வரை உற்பத்தியாகிக் கொண்டிருந்தவர். அடுத்தவர் பம்பாய்க்காரர், ஃபியட் என்று பெயர் வைத்து, பிறகு பத்மினி என்று பெயர் மாற்றப்பட்டவர். மூன்றாமவர் நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூவரையும் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடற்கரைச் சாலையில் கம்பீரமாகப் போகப் பார்க்கலாம்.

காலையில் சரி. ஆனால் மாலையில்?

அங்கேதான் சங்கடம். தாத்தாவுக்கு எஞ்சின் திடமாக இருக்கும். ஹாரன் கணீரென்று இருக்கும். பொழுது சாய்ந்தால் மட்டும் கண் தெரியாது. முகப்பு விளக்கு இரண்டும் எரிகின்றன என்பதற்குக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அத்தாட்சி. செங்கற்பட்டில் ரிசப்ஷன் முடிந்து இரவு ஒன்பதரைக்குப் புறப்பட்டால், முன் ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரிக்கு வீடு வந்து சேரும் வரையில் தூக்கமும் கிடையாது, பேச்சும் கிடையாது. "மாடு, மாடு!" "அதோ சைக்கிள்!" என்று அவள்தான் காருக்குக் கண்ணாக இருந்து வருகிறாள்.

இந்தக் கண்ணுக்கு வைத்தியம் உண்டா? உண்டு. ஆனால் எந்த வைத்தியத்திலும் உள்ளதுபோல் இதிலும் அசல் வைத்தியம், அரைகுறை வைத்தியம் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டாவதில் சிக்கினால் நம் கண் திறக்கும். எதிரே வருகிறவர் கண் போய்விடும்!

எத்தனை தூரம் தெரிய வேண்டும்?

முதலில் ஒரு சிறு கணக்கு. பயப்பட வேண்டாம், பால் கணக்கை விட எளிதுதான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. சாலையில் ஏதோ நிற்கிறது என்று கண் கண்டு, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிப்பதற்கு ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதற்குள்ளேயே 25 மீட்டர் போயாயிற்று. அப்புறம் பிரேக் பிடித்து வண்டி நிற்பதற்கு, நல்ல காய்ந்த சாலையில், இன்னும் ஒரு 25 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 50 மீட்டர். பழைய கார்களின் டிரம் பிரேக்குக்கு இதற்கு மேலும் ஆகலாம். வேகம் 80 ஆனால் மொத்தத் தூரம் 75 மீட்டரை எட்டிவிடும்.

இப்போது விளக்கைப் பாருங்கள். கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் சாலையோரம் நடந்து போகிறார். மங்கிய விளக்கில் அவர் 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான் கண்ணுக்குப் படுகிறார் என்றால், கால் பிரேக்கைத் தொடும்போது அவருக்கும் காருக்கும் நடுவே மீதி இருப்பது 5 மீட்டர்தான். டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும் கணக்கு ஒன்றுதான். விளக்கு காட்டாததைப் பிரேக்கால் தடுக்க முடியாது.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். காருக்கு மட்டுமா வயதாகிறது? ஓட்டுகிறவருக்கும் ஆகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரையைச் சென்றடையும் ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது என்று கண் வைத்தியர்கள் கணித்திருக்கிறார்கள். பழைய காரைப் பிரியமாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதுக்காரர்கள்தான். தாத்தா காரைத் தாத்தா ஓட்டும்போது இருவர் கண்ணையும் சேர்த்தல்லவா பார்க்க வேண்டும்?

கார்பைடிலிருந்து எல்.இ.டி. வரை

ஆதிகாலத்துக் கார்களுக்கு விளக்கு ஏற்றுவது, சுவாமி விளக்கு ஏற்றுவதைப் போல நிதானமான காரியம். கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டினால் அஸிடிலின் வாயு வரும். அதைத் தீக்குச்சியால் கொளுத்த வேண்டும். 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் கார், மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்புவதையும் மின்சாரத்தால் விளக்கெரிப்பதையும் ஒரே ஏற்பாடாக இணைத்துக் கொடுத்தது. அதன் பின் தீப்பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

1940-இல் அமெரிக்காவில் கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றையும் ஒன்றாக வைத்து மூடிய 'ஸீல்டு பீம்' விளக்கு வந்தது. அதன் விட்டம் 7 அங்குலம். அந்த 7 அங்குல உருண்டை விளக்கு உலகம் முழுவதும் பரவிவிட்டது. நம் ஊர்ப் பழைய கார்களின் முகத்தில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி விழித்துக் கொண்டிருப்பதும் பெரும்பாலும் அந்த அளவுதான். இது நமக்குப் பெரிய அதிர்ஷ்டம். ஏனென்றால் இன்றைக்கும் அந்த அளவில் புதிய விளக்கு கிடைக்கிறது.

1962-இல் ஐரோப்பாவில் ஹாலஜன் பல்பு காருக்கு வந்தது. சாதாரண பல்பில் டங்ஸ்டன் இழை சூட்டில் ஆவியாகி, கண்ணாடியின் உட்புறத்தில் கரியாகப் படியும். நாளாக ஆக பல்பு கறுத்துப் போவதற்குக் காரணம் இதுதான். ஹாலஜன் பல்பில் உள்ள அயோடின் அல்லது புரோமின் வாயு, அப்படி ஆவியான டங்ஸ்டனைத் திரும்பக் கொண்டுபோய் இழையிலேயே சேர்த்துவிடுகிறது. அதனால் இழையை இன்னும் பிரகாசமாக எரியவிடலாம், கண்ணாடியும் கறுப்பதில்லை. ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டுக்கும் இழை வைத்த 'எச்-4' என்ற ஹாலஜன் பல்பு 1971-இல் வந்தது. பழைய காருக்கு நாம் தேட வேண்டிய மருந்து இதுதான்.

அதற்குப் பிறகு 1991-இல் ஜெர்மன் கார் ஒன்றில் ஸெனான் விளக்கும், 2007-இல் ஜப்பானியக் கார் ஒன்றில் எல்.இ.டி. முகப்பு விளக்கும் வந்தன. அவையெல்லாம் அந்தந்தக் காருக்கென்றே வகுத்துச் செய்தவை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இந்த விஷயத்துக்கு வருகிறோம்.

நோய் எங்கே?

சென்னைப் புதுப்பேட்டைப் பக்கத்தில் பழைய கார்களோடு நாற்பது வருஷமாகப் பழகிவரும் மெக்கானிக் ஒருவரைச் சந்தித்தோம். எண்ணெய்க் கறை படிந்த கையைத் துடைத்துக் கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி இது: "பல்பை மாத்தணும்னு எல்லாரும் வர்றாங்க. பல்புக்கு மின்சாரம் போகுதான்னு யாராவது பார்த்தீங்களா, அம்மா?"

அவர் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. மேல்மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், குழாய் துருவேறி அடைத்துக் கொண்டிருந்தால் சமையலறைக் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர் வரும். பழைய காரில் பாட்டரிதான் தொட்டி. அதிலிருந்து புறப்படும் மின்சாரம் மெல்லிய ஒயர் வழியாக டாஷ் போர்டு ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து டிம்மர் ஸ்விட்சுக்குப் போய் (சில பழைய கார்களில் இது காலடியில் இருந்து மழைச் சேற்றில் குளித்துக் கொண்டிருக்கும்), பிறகு முன்னால் வந்து விளக்கைச் சேருகிறது. ஐம்பது வருஷத்துப் பச்சை படிந்த செம்பும், தேய்ந்த ஸ்விட்சும் வழியெல்லாம் சுங்கம் வசூலித்து விடுகின்றன.

சுங்கம் கொஞ்சம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. இழை பல்பின் குணம் விசித்திரமானது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறைவதில்லை. ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடுகிறது! எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 13.5 வோல்ட் இருந்து, விளக்கின் பின்புறம் 12.1 வோல்ட் மட்டும் வந்தால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே திருட்டுப் போயிற்று என்று அர்த்தம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்ட்டி மீட்டர் போதும். விளக்கை எரியவிட்டு, முதலில் பாட்டரியிலும் பிறகு பல்பின் பின்புறத்திலும் அளந்து பார்க்க வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால், புதுப் பல்பு வாங்குவது வீண் செலவு.

அடுத்தது பிரதிபலிப்பான். பல்புக்குப் பின்னால் உள்ள வெள்ளி நிறக் கிண்ணம் அது. வெள்ளிப் பாத்திரம் கறுப்பதைப் போல அதுவும் மங்கும். ஈரம் புகுந்தால் உரிந்து துருவும். பாத்திரமாயிருந்தால் விபூதி போட்டுத் தேய்த்து விடலாம். இதைத் தேய்க்கவே கூடாது. மெல்லிய பூச்சு கையோடு வந்துவிடும். மங்கிய கிண்ணத்தை மாற்றுவதுதான் வழி.

முன் கண்ணாடியில் சிலர் கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்கள். சிலர் மேல் பாதியைக் கறுப்படித்திருப்பார்கள். எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க அந்தக் காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு அது. திருஷ்டிப் பொட்டு அல்ல. சரியாகப் பொருத்திய நல்ல விளக்கு தானாகவே எதிரிலிருப்பவர் கண்ணில் படாமல் தாழ்ந்து விழும்.

குரல் கொடுப்பவரும் தூக்குபவரும்

மெக்கானிக் சொன்ன முதல் வைத்தியத்துக்குப் பெயர் 'ரிலே'. தீப்பெட்டி அளவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. கல்யாண வீட்டில் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்தபடியே குரல் கொடுக்கிறாள். அண்டாவைத் தூக்குகிறவர்கள் ஓடிவந்து தூக்குகிறார்கள். அண்டாவைப் பெரியம்மாவே தூக்கியாக வேண்டும் என்றால் அவள் இடுப்பு என்னாவது? பழைய காரில் அந்த அநியாயம்தான் நடந்து கொண்டிருக்கிறது. விளக்குக்கு வேண்டிய பத்து ஆம்பியரும் ஸ்விட்சின் தலைமீதே ஏறி இறங்குகிறது.

ரிலே வைத்துவிட்டால் ஸ்விட்ச் குரல் மட்டும் கொடுக்கும். அதன் வழியாக ஓர் ஆம்பியரில் சிறு பகுதிதான் போகும். பெரிய மின்சாரம் பாட்டரியிலிருந்து தடித்த புது ஒயரில், ஃப்யூஸ் வழியாக, நேரே விளக்குக்குப் போய்விடும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். ஒயர் இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். இரண்டு விளக்குக்கும் தனித்தனி ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள். ஒரே ஃப்யூஸாக இருந்து அது போய்விட்டால், இருட்டில் இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும். விளக்கிலிருந்து காரின் உடலுக்குப் போகும் 'எர்த்' ஒயரையும் புதிதாகப் போட்டு, அது உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட வேண்டும். பாதி நோய் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

இதெல்லாம் செய்யும்போது பாட்டரி இணைப்பைக் கழற்றி வைப்பது அவசியம். பழைய ஒயரை வெட்டியெறியாமல் அப்படியே விட்டு, புதியதை அதன் பக்கத்தில் ஓட்டச் சொன்னால், எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

இவ்வளவுக்கும் ஆகிற செலவு, ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலையில் பாதிகூட இராது. வேடிக்கை என்னவென்றால், சில கார்களில் இதோடு வைத்தியமே முடிந்துவிடுகிறது. பழைய பல்பே புதுப் பெண்ணைப் போலத் தெளிவாகப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது!

பல்பில் பேராசை வேண்டாம்

பழைய பல்பு 45/40 வாட். எச்-4 ஹாலஜன் 60/55 வாட். வாட்டில் வித்தியாசம் சொற்பம். வெளிச்சமோ ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கூடும். ஆனால் பழைய பல்பின் அடிப்பகுதியும் எச்-4-இன் அடிப்பகுதியும் வேறு வேறு. ஆகையால் எச்-4-க்கென்றே செய்த 7 அங்குலக் கண்ணாடி, கிண்ணம் இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டும். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளில் விசாரித்தால் கிடைக்கும்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று: கடைக்காரர் "100/90 வாட் இருக்கிறது, போட்டுப் பாருங்கள், பட்டப் பகல்தான்" என்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிரைட்டில் இரண்டு விளக்கும் சேர்ந்து 17 ஆம்பியர் இழுக்கும். டைனமோ வைத்த பழைய கார்களில் பலவற்றின் முழுச் சம்பாத்தியமே 20 ஆம்பியரைச் சுற்றித்தான். வருமானம் முழுவதையும் விளக்கெண்ணெய்க்கே கொடுத்துவிட்டால் அடுப்பெரிவது எப்படி? வைப்பர் நிற்கும், பாட்டரி இறங்கும், பல்பு ஹோல்டர் சூட்டில் உருகும், கிண்ணத்தின் பூச்சும் கருகும். 60/55-ஆனால் பத்து ஆம்பியரோடு அடங்கிவிடும்.

இரண்டு: நம் நாட்டில் சாலையின் இடது பக்கம் போகிறோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வலது பக்கம். டிம் விளக்கின் ஒளி ஓரத்துப் பக்கம் சற்று மேலே ஏறும்படி கண்ணாடியில் கோடுகள் வகுத்திருப்பார்கள். ஓரத்தில் நடப்பவரையும் பெயர்ப் பலகையையும் காட்டுவதற்காக. வலது பக்கம் போகும் நாட்டுக்கென்று செய்த கண்ணாடியை இங்கே மாட்டினால், அந்த ஏறுமுக ஒளி நேரே எதிர்வண்டிக்காரர் கண்ணில் போய்க் குத்தும். பார்க்க அழகாயிருக்கிறதென்று வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹாலஜன் பல்பை மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் ஓரிடத்தில் திட்டாகக் காய்ந்து பல்பின் ஆயுளைக் குறைத்துவிடும். சுத்தமான துணியால் பிடிக்கலாம். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

எதிரே வருகிறவர் ஏன் கண்ணடிக்கிறார்?

இப்போது அரைகுறை வைத்தியத்துக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. வீட்டுக்காரர் பழைய அம்பாஸடரின் விளக்குக்குள் கடையில் விற்ற எல்.இ.டி. பல்பை அப்படியே செருகிக் கொண்டு வந்தார். வெள்ளை வெளேரென்று வெளிச்சம். அன்றிரவே மனைவியை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

"பார்த்தாயா, பகல் மாதிரி இல்லை?"

"பகல் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் ஏன் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள்?"

ஆமாம், வந்த வண்டி ஒவ்வொன்றும் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிக் காட்டிற்று. "நம் காரைக் கண்டு ஆச்சரியப்படுகிறார்கள்" என்றார் அவர். சிறிது தூரம் போனதும் ஸ்கூட்டரில் ஒருவர் எதிரே வந்தார். முன்னால் ஒரு குழந்தை நின்று கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் கண்ணை மறைத்தார். ஸ்கூட்டர் தடுமாறிச் சாலையை விட்டு இறங்கி மணலில் போய் நின்றது. நல்ல வேளையாக விழவில்லை. காரில் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது அந்த அம்மாள் சொன்னாராம்: "நமக்குத் தெரிவதற்காக அந்தக் குழந்தைக்கு அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டுமா?" மறுநாள் காலையில் அந்தப் பல்புகள் கழற்றப்பட்டுவிட்டன.

ஏன் இப்படி ஆகிறது? எச்-4 பல்பின் டிம் இழைக்குக் கீழே சின்னத் தகட்டுக் கேடயம் ஒன்று இருக்கிறது. இழையும் கேடயமும் மயிரிழை பிசகாமல் குறித்த இடத்தில் இருப்பதால்தான், ஒளி கத்தியால் வெட்டினாற்போல் ஒரு கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது. அந்த இழையை நம்பித்தான் கிண்ணமும் கண்ணாடியும் வகுக்கப்பட்டிருக்கின்றன. எல்.இ.டி.யில் இழை இல்லை. பட்டைத் தகட்டின் இரு பக்கமும் ஒட்டிய பொட்டுகள்தான். இடம் சற்று மாறினாலும் ஒளி கோட்டைத் தாண்டிச் சிதறிவிடும். காருக்குள் இருப்பவருக்கு, அருகிலுள்ள சாலை பளீரென்று தெரிவதால் அமோகமாகத் தோன்றும். தொலைவில் வேண்டிய இடத்துக்கு வெளிச்சம் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை.

ஜெர்மனியில் 2020-இல் இப்படி மாற்றுவதற்கு முதல் முதலாக அனுமதி கொடுத்தபோதுகூட, குறிப்பிட்ட பல்பைக் குறிப்பிட்ட கார்களில் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே அந்தக் கார்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். எல்.இ.டி.யின் மீது பழி இல்லை. அதற்கென்று பிறந்த விளக்கில் அது ரத்தினம். பிறர் சட்டையைப் போட்டுக் கொண்டால்தான் விகாரம்.

சுவரும் சாக்குக் கட்டியும்

விளக்கு எத்தனை உயர்ந்ததாயிருந்தாலும் குறி தவறினால் பிரயோசனமில்லை. கடைசி வைத்தியம் இதுதான், செலவே இல்லாதது. இருவர் வேண்டும். கணவனும் மனைவியுமாகச் செய்யலாம். சண்டை வராமலிருந்தால் அரை மணியில் முடிந்துவிடும்.

சமதரையில், சுவருக்கு நேரே, 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுகிறவர் இடத்தில் ஒருவர் உட்காரட்டும். தரையிலிருந்து விளக்கின் நடுமையம் எவ்வளவு உயரம் என்று புடவை அளக்கும் நாடாவால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்குக் கட்டியால் கிடைக்கோடு போடுங்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. ஒவ்வொரு விளக்கின் மையத்துக்கும் நேரே ஒரு நிமிர்கோடு. கோலம் போடத் தெரிந்த கைக்கு இது ஒரு பெரிய வேலையா?

டிம் விளக்கைப் போட்டு, ஒரு விளக்கை அட்டையால் மறைத்துவிட்டு, மற்றதைப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க் கோட்டில் படிய வேண்டும். இடது பக்கம் சற்று மேலேறலாம். வலது பக்கம் ஏறவே கூடாது. விளக்கின் வளையத்தைக் கழற்றினால் மேலும் பக்கவாட்டிலும் திருகாணிகள் இருக்கும். மேலே உள்ளது ஏற்றி இறக்கும். பக்கத்தில் உள்ளது இப்படி அப்படித் திருப்பும். அவ்வளவுதான். பின் ஸீட்டில் மூவரும் டிக்கியில் சீர்வரிசைப் பாத்திரங்களுமாகப் புறப்பட்டால் காரின் மூக்கு உயர்ந்துவிடும்; விளக்கும் உயர்ந்துவிடும். அப்படிப்பட்ட பிரயாணத்துக்கு முன் சற்றுத் தாழ்த்திக் கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், முகப்பு விளக்கின் ஒளி எதிரிலிருப்பவர் கண்ணைக் கூசச் செய்யாதபடி நிரந்தரமாகக் கீழ்நோக்கியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. 1988-ஆம் வருஷத்துச் சட்டம், பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கும் தயாரித்தவர் நிர்ணயித்ததற்கும் மாறாக வண்டியை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது அதிகாரி விளக்கையும் பார்ப்பார். அளவும் வாட்டும் வரம்புக்குள் இருந்து, குறியும் சரியாக இருந்தால் பயமில்லை. சந்தேகமிருந்தால் மாற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது உத்தமம்.

ஐம்பது வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு 2021-இல் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு முறை ஏற்பட்டிருக்கிறது. அடிச்சட்டம், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாறுதல் செய்யாத கார்களுக்குத்தான் அந்த மரியாதை. ஆகவே கழற்றிய பழைய விளக்குகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றி, பரண் மேல் பத்திரமாக வையுங்கள். பாட்டியின் அட்டிகையை மாற்றிச் செய்தாலும் பழைய பதக்கத்தை அழிப்போமா?

இனி, கையில் எடுத்துக் கொள்ள வேண்டிய வரிசை இதுதான்: முதலில் அளந்து பார்ப்பது, பிறகு எர்த்தும் ரிலேயும், பிறகு கிண்ணமும் கண்ணாடியும், பிறகு பல்பு, முடிவில் குறி. பெரும்பாலோர் நாலாவதிலிருந்து ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். முன் கண்ணாடியை உள்ளும் புறமும் நன்றாகத் துடைப்பது, எதிரே வண்டி கண்டதும் டிம் செய்வது இரண்டையும் இதோடு சேர்த்துக் கொண்டால் வைத்தியம் பூரணமாகும்.

அடுத்த முறை வீட்டில் "விளக்கை மாற்றிவிட்டேன், பார்!" என்று பெருமையோடு சொன்னால், சகோதரிகளே, காருக்குள் உட்கார்ந்து பாராட்டிவிடாதீர்கள். இறங்கி முப்பது அடி முன்னால் நடந்து போய்த் திரும்பிப் பாருங்கள். டிம்மில் கண் கூசாமல் அவர் முகம் தெரிந்தால், பாராட்டலாம்.